ஆறு பொட்டலம் சென்னாக்குன்னி

நான் கையெழுத்துப் போட மறுத்த காகிதம் என் எழுபத்து மூன்று வயதில் ஒன்றே ஒன்றுதான். சித்தூர் மிஷன் பள்ளியில் முப்பத்தாறு ஆண்டுகள் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், கோயில் மாடு தொலைந்ததற்கு மனு என்று எதை நீட்டினாலும், நீட்டியவர் முகம் வாடக்கூடாது என்று போட்டுக் கொடுத்தே பழகிய கை இது. ஓய்வு பெற்றதும் விடுதிக் கமிட்டி இந்தக் கையைப் பிடித்துக்கொண்டது.

விடுதி, சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் பூதலப்பட்டைத் தாண்டி இருக்கிறது. யானாதிப் பிள்ளைகள் நாற்பது பேர் அங்கே தங்கிப் படித்தார்கள். யானாதிகள் ஏரியோரத்திலும் வயல்வெளியிலும் குடிசை போட்டு, மீன் பிடித்தும் எலிவளை தோண்டியும் பிழைக்கிற பழங்குடி மக்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் சிலேட்டும் வெளிநாட்டுச் சபைகள் அனுப்பிய உதவியில் வந்தன. நல்ல காரியம்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

1974ஆம் ஆண்டு பொங்கல் கழிந்து, பிள்ளைகளைச் சேர்க்கத் தடாப் பக்கம் ஜீப்பில் போனவர்களில் நானும் ஒருவன். பழவேற்காட்டு ஏரிக்கரையில், பனையோலைக் குடிசை ஒன்றின் முன்னால் செங்கம்மா நின்றாள். புருஷன் பாம்பு கடித்து இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஏழு வயது மகள் நாகி அவள் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தவன் நான்தான்.

ஜீப்பில் பிள்ளையை ஏற்றிய பிறகு செங்கம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "எப்ப வந்து பாக்கலாம் சாமி?"

"மாசத்துக்கு ஒரு தபா வந்து பாரும்மா" என்று சொல்லி, விடுதியின் அச்சடித்த அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அட்டையின் அடியில் கமிட்டி சார்பில் என் கையெழுத்து இருந்தது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆடி அமாவாசை கழிந்த வாரத்தில் விடுதி வார்டன் எர்னஸ்டிடமிருந்து கடிதம் வந்தது. எர்னஸ்ட் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். 'வெள்ளிக்கிழமை வாருங்கள் சார். பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். எங்களோடு சாப்பிடுங்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வேண்டியிருக்கிறது' என்று எழுதியிருந்தான்.

போனேன். காகிதம் நாகியைப் பற்றியது. 'மேற்படி குழந்தையை ஆறு மாத காலமாகப் பெற்றோரோ உறவினரோ ஒருமுறையும் வந்து பார்க்கவில்லை. ஆகவே ஆதரவற்றவள் எனக் கருதலாம்' என்று தட்டச்சு செய்திருந்தது. எர்னஸ்டும் பொருளாளர் ஜெபமணியும் கையெழுத்திட்டிருந்தார்கள். மூன்றாவது இடம் எனக்காகக் காலியாக இருந்தது.

"ஆறு மாசமா ஒரு நாயும் எட்டிப் பாக்கல சார்" என்றான் எர்னஸ்ட். "வெளிநாட்டுல பிள்ளையில்லாத ஒரு குடும்பம் போட்டோ பாத்துட்டு இவளத்தான் கேக்கறாங்க. திங்கக்கிழமை மெட்ராஸ்லருந்து வேன் வருது. அப்புறம் பிளேன்தான். அதிர்ஷ்டக்காரி."

எனக்குக் கோபம் வந்தது. செங்கம்மாவின் மேல் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டாளே, அதெல்லாம் வெறும் பாவனையா? பெற்றவள் ஆறு மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கமாட்டாளா? ஆனாலும் மதியம் சாப்பாடு முடிந்து போடுகிறேன் என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வெறும் வயிற்றில் கையெழுத்துப் போடுவதில்லை என்பது என் பழக்கம்.

பிள்ளைகள் புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நாகியின் மனத்தைப் பக்குவப்படுத்த வேண்டும் என்று அங்கேயே ஒரு கதையைக் கட்டினேன். காட்டில் ஒரு மான்குட்டி வழிதவறிவிட்டது. யானை அதைத் தன் முள்வேலிக்குள் சேர்த்துப் புல்லும் தண்ணீரும் கொடுத்தது. தாய்மான் வருமென்று குட்டி நாள்தோறும் காத்திருந்தது. தாய்மானோ புதிய புல்வெளியைக் கண்டு குட்டியை மறந்தே போனது. கடைசியில், வளர்ப்பவளும் தாய்தான் என்று குட்டி புரிந்துகொண்டது.

"தப்பு" என்றது ஒரு குரல். நாகிதான்.

"எது தப்பு?"

"மான் மறக்கல. வந்திச்சி. வேலியாண்ட நின்னுக்கினு இருந்திச்சி. ஆனைதான் கதவத் தொறக்கல."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "ஆனைக்கு ஏதுடி கதவு?" என்றான் ஒருவன்.

நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். "வந்தது குட்டிக்கு எப்படித் தெரியும்?"

"வாசன வரும்" என்றாள் நாகி. "மாசா மாசம் வரும். அந்தாண்டருந்து." அவள் கை காட்டிய பக்கம் வார்டன் வீட்டுச் சமையலறை இருந்தது.

நல்ல கற்பனை என்று அவள் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எர்னஸ்டின் மனைவி ஞானசௌந்தரிக்கு நல்ல கைப்பக்குவம். சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், அதோடு சென்னாக்குன்னித் தொக்கு. சென்னாக்குன்னி என்பது நெல்மணி அளவு சிற்றிறால். உப்புப் போட்டுக் காயவைத்தது. இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

"மண் ஒரு துளி கடிபடலையேம்மா! சித்தூர்ச் சந்தையில இவ்வளவு சுத்தமாக் கிடைக்காதே?"

"சந்தையில வாங்கறதில்ல சார்" என்றாள் அவள் பெருமையோடு. "யாரோ ஒரு ஏழைப் பொம்பள மாசா மாசம் கேட்டாண்ட வச்சிட்டுப் போறா. விடுதிக்குக் காணிக்கை போல. நாற்பது பேருக்கு ஒரு பொட்டலம் எந்த மூலைக்கு? அதான் நம்ம வீட்டுக்கே எடுத்துக்கிறது."

மாசா மாசம். வாசனை. நாகி கை காட்டிய பக்கம்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். நேராக வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் ரங்கையா பீடியை அவசரமாக அணைத்தான்.

"சென்னாக்குன்னி கொண்டு வர்றது யாரு ரங்கையா?"

அவன் உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நாகியோட அம்மா சார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? ஒரு அட்டயக் காட்டும். 'பெரிய சாமி குடுத்த அட்ட'ன்னும். உடாதன்னு வார்டன் சார் சொல்லிக்கீறாரு, உடல. பொட்டலத்த மட்டும் உள்ள குடுன்னாங்க வார்டன் வீட்டம்மா, குடுத்தேன்."

"பார்வையாளர் நோட்டில் எழுதினாயா?"

"நோட்டு ரெண்டாவது ஞாயித்துக்கிழமதான சார் வெளிய வரும்? இது வர்றது அமாவாச போயி அஞ்சாம் நாளு, ஆறாம் நாளு." அவன் குரல் தணிந்தது. "அழுவாது சார் அது. அழுதாக்கூட நாலு வார்த்த திட்டித் தொரத்திடலாம். கேட்டாண்ட குந்திக்கினே இருக்கும். கடசி பஸ்சுக்கு எந்திரிச்சிப் போவும்."

"எத்தனை தடவை?"

"ஆறு தபா. முந்தாநேத்துகூட வந்திச்சி."

நான் எர்னஸ்டின் அலுவலறைக்குள் நுழைந்தபோது அவன் எனக்காகப் பேனாவில் மை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அப்படியானால் என் இலையில் விழுந்த தொக்கு நடந்து வந்ததா?"

அவன் கொஞ்சமும் பதறவில்லை. "ரூல் பிரகாரம் வரல சார். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணியிலருந்து நாலு மணி. அந்த நோட்டுல பேரு இல்லன்னா வரலன்னுதானே அர்த்தம்? நெனச்ச நாளைக்கெல்லாம் வந்து நின்னா நாற்பது பிள்ளைங்கள வச்சி நடத்த முடியுமா?"

"ஆறு நாள் வாசலில் உட்கார்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதான் அட்டையில போட்டிருக்கே சார். கீழ உங்க கையெழுத்துதானே இருக்கு?"

படிக்கத் தெரியாதவள் கையில் அச்சடித்த அட்டையைக் கொடுத்தவன் நான். 'மாசத்துக்கு ஒரு தபா' என்று வாயால் சொன்னவனும் நான். அவளுக்கு மாதம் என்றால் நிலா தேய்ந்து மறைவது. இருட்டு நாள்களில் ஏரியில் இறால் பட்டு, காய்ந்து, மூட்டை கட்டினால்தான் அவளால் கரையை விட்டு நகர முடியும். எங்கள் இரண்டாம் ஞாயிறு ஆறு மாதத்தில் ஒருமுறைகூட அவளுடைய நாளோடு சேரவில்லை. தெரியாமல் நேர்ந்த பிழை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவள் கொண்டுவந்ததற்கு மட்டும் கிழமை பார்க்கவில்லையே! தாயை வாசலில் நிறுத்திவிட்டு அவள் முந்தானை முடிச்சை மட்டும் உள்ளே விடுகிற விதி எந்த அட்டையில் அச்சாகியிருக்கிறது?

"சார், யோசிச்சிப் பாருங்க" என்றான் எர்னஸ்ட். "அங்க போனா தனி ரூம், பொம்மை, கார். இங்க என்ன இருக்கு? எலி வளை."

"ரங்கையாவை என்னோடு அனுப்பு" என்றேன். "நாளைக் காலையில் வருகிறேன். அதுவரை பேனாவை மூடி வை."

ஊருக்குத் திரும்பப் பஸ் சார்ஜ் சேரும்வரை செங்கம்மா இரண்டு மூன்று நாள் திருப்பதி மார்க்கெட்டில் கூடை சுமப்பாள் என்று ரங்கையா சொல்லியிருந்தான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரத் தயங்கி, படிக்கட்டருகே நின்றபடியே வந்தான்.

திருப்பதியில் மொட்டைத் தலைகளும் துளசி மாலைகளும் நெருக்கியடித்த கூட்டத்தில் அரைமணி நேரம் அலைந்தோம். காய்கறி மார்க்கெட்டின் பின்வாசலில் ரங்கையா கத்தினான். "ஓ நாகியம்மா! இத்த பாரு, உன் பெரிய சாமி!"

தலையில் கத்திரிக்காய்க் கூடையோடு அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கியே விட்டாள்.

"பிட்டக்கி இன்னா சாமி? ஜொரமா?" அவர்கள் பேச்சில் பிட்ட என்றால் பிள்ளை.

"நல்லா இருக்காம்மா. ஒண்ணுமில்ல."

மூச்சு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை உருவியதுதான். "அட்ட பத்திரமா கீது சாமி. ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படல. நீ மாசத்துக்கு ஒரு தபான்ன. அமாவாச தவறாம வந்தேன். ஒண்ணுகூடத் தப்பல."

வாங்கிப் பார்த்தேன். மடிப்புக் கலையாத அட்டை. 'பார்வையாளர் நாள்: இரண்டாம் ஞாயிறு மட்டும்.' அவளைத் தடுத்த வாசகத்தைத்தான் அவள் ஆறு முறையும் அனுமதிச் சீட்டு என்று நீட்டியிருக்கிறாள். அதன் அடியில் என் பெயர், சுழித்துச் சுழித்து, அழகாக.

"உள்ளே விடலையே, ஏன்னு கேக்கலையா?"

"பெரிய படிப்பு படிக்குதே சாமி. நடுவுல பாத்தா மனசு கெட்டுப் பூடும்னு உடல போலன்னு நெனச்சிக்கினேன். படிச்சி முடிச்சா உடுவாங்க இல்ல?"

ரங்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை, வேன், பிளேன் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்ளோ தூரம் சாமி? நடந்தா எத்தினி நாளு?"

"நடந்து போக முடியாதும்மா. கடல் தாண்டி."

"எங்க ஏரிக்கி அந்தாண்ட கீதே, அந்தக் கடலா?"

"அதேதான்."

கூடையைக் கொண்டுபோய்க் கடையில் சேர்த்துவிட்டு வந்து, கூலிகூட வாங்காமல் என் முன்னால் நடக்க ஆரம்பித்தாள். கடைசி பஸ் போயிருந்தது. மூவரும் பஸ் ஸ்டாண்டிலேயே இருந்து, விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

எர்னஸ்ட் வாசலுக்கு உள்பக்கம் நின்றான். கதவில் பூட்டு தொங்கியது. செங்கம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்னிடம் அவன் சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

"இன்னிக்கி சனிக்கிழமை சார்."

என்னிடம் படித்த பிள்ளை தவறு செய்தால் நான் பிரம்பைத் தொடுவதில்லை. ஒரு நரியையோ காக்கையையோ அழைத்துவந்து கதை சொல்வேன். எர்னஸ்டுக்கே எத்தனை கதை சொல்லியிருக்கிறேன்! அன்று என் வாயில் ஒரு மிருகமும் வரவில்லை. எந்த மிருகத்தைச் சொன்னாலும் அதற்கு அவமானமாக இருக்கும் என்று பட்டது.

"ரங்கையா, கதவைத் திற" என்றேன்.

"தொறந்தா உன் வேல போயிடும் ரங்கையா" என்றான் எர்னஸ்ட்.

"போவட்டும் சார்." ரங்கையா இடுப்புச் சாவியை எடுத்தான். "கேட்டுக்காரன்னா பூட்டறவன்னே நெனச்சிக்கினு இருந்துட்டேன். தொறக்கவும் சேத்துத்தான் சம்பளம் குடுத்தாங்களோ இன்னவோ."

நாகி குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டதும் ஓடிவருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டைத் துடைத்து வரிசையில் வைத்துவிட்டுத்தான் வந்தாள். விடுதிப் பழக்கம். வந்து, தாயின் முந்தானையை மூக்கருகே பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மான் வந்திச்சின்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னாய் அம்மா. நான்தான் கேக்கல" என்றேன்.

அலுவலறையில் பார்வையாளர் நோட்டை நானே எடுத்தேன். எர்னஸ்ட் ஏதோ சொன்னான், காதில் வாங்கவில்லை. நாகியின் பக்கத்தில் பிப்ரவரி முதல் ஜூலை வரை மாதம் மாதமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே செங்கம்மாவின் பெருவிரலைப் பதிய வைத்தேன். ஆறு ரேகைகள். அவள் ஒவ்வொரு முறையும் விரலைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். முன்பு வைத்தது கலைந்துவிடுமோ என்கிற பயம் போல. காகிதம் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. மூன்றாவது இடம் இன்றும் காலிதான்.

எல்லாம் முடிந்ததும் செங்கம்மா என்னைத்தான் கேட்டாள். "அமாவாசக்கி அமாவாச உடுவாங்கன்னா இங்கயே கெடக்கட்டும் சாமி. படிக்கட்டும். உடுவாங்களா?"

நான் எர்னஸ்டைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. சரி என்று அவன் சொல்லியிருந்தால் நாகி இந்நேரம் கல்லூரிக்குக்கூடப் போயிருப்பாள்.

"கமிட்டியில வைக்கணும் சார்" என்றான். "ஒருத்தருக்காக ரூல மாத்த முடியுமா?"

செங்கம்மாவுக்குக் கமிட்டியும் தெரியாது, ரூலும் தெரியாது. முகத்தைப் படிக்கத் தெரியும். குனிந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அவ படிப்பு போச்சு சார்" என்று எர்னஸ்ட் என் முதுகுக்குப் பின்னால் சொன்னான். "சந்தோஷமா?"

சந்தோஷமில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தவன், ஒரு பிள்ளையை வாசல்வரை கொண்டுபோய் வெளியே விட்டேன். அந்த ஆத்திரம் யார்மேல் என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதில் பாதி என் கையெழுத்தின் மேல்தான்.

சாலையில் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றோம். நாகி தாயின் தோளில் சாய்ந்திருந்தாள். செங்கம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பருமன் பார்த்தாள். பிறகு நினைவு வந்தவளாகக் கேட்டாள்.

"சென்னாக்குன்னி துன்னியா பிட்டா? மண்ணே இருக்காது. ஏழு தண்ணி ஊத்திக் கழுவினது."

"வாசன வந்திச்சிம்மா" என்றாள் நாகி.

"துன்னியான்னு கேட்டேன்."

"வாசன நல்லா வந்திச்சி."

செங்கம்மா மகளைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதாவது ஒரு கதை சொல்லித் தப்பித்துக்கொள்ள அப்போதும் இடமிருந்தது.

"நாந்தாம்மா துன்னேன்" என்றேன். "மண்ணே இல்ல."

பஸ் வந்தது. அவள் மகளை முதலில் ஏற்றினாள்.